சுடரின் அடியில் நீலம்

பித்தளையை மஞ்சள் வண்ணத்தால் வரையக் கூடாது, சார். புதிதாக வரையக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். பழுப்பையும் பச்சையையும் கலந்து முதலில் இருட்டாகப் பூச வேண்டும். அது காய்ந்த பிறகு, வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளை. மிச்சத்தைப் பார்க்கிறவர் கண்ணே பித்தளை ஆக்கிக்கொள்ளும். உங்கள் மேசையில் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த மெழுகுவர்த்தித் தாங்கி, அதை நான் நாற்பது தடவையாவது வரைந்திருப்பேன். அதன் அடிப்பக்கம் நசுங்கியிருப்பதாக நேற்று உங்கள் ஆள் ஒருவர் குறிப்பு எழுதினார். அது பழைய நசுங்கல், வீடு மாறும்போது விழுந்தது. புதியது கழுத்துப் பக்கம் இருக்கிறது. எழுதுவதைச் சரியாக எழுதிவிட்டால் பிறகு யாருக்கும் தொல்லை இல்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் முப்பது வருடமாக உருவப்படம் வரைகிறோம். பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். முகம் அவர் வரைவார். மற்றதெல்லாம் நான். கை, துணி, நாற்காலி, மேசை, மேசைமேல் இருக்கிற பொருள். மூலையில் கையெழுத்து அவருடையது. வருகிறவர்களிடம் அவர் வேடிக்கையாகச் சொல்வார்: "முகத்துக்கு மட்டும்தாங்க நான் பொறுப்பு. கழுத்துக்குக் கீழ எல்லாம் வீட்டம்மா ராஜ்ஜியம்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பது வருடம் ஒரே வேடிக்கைக்குச் சிரித்திருக்கிறேன், அதனால் பொறுமை இல்லாதவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

முகத்தை நம்ப முடியாது, சார். படத்துக்கு உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். பொருள் அப்படி நடிக்காது. சாவிக்கொத்து ஒரு பெண்ணின் மடியில் இருந்தால் வீடு அவள் கையில் என்று அர்த்தம், மேசை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் கை நழுவப்போகிறது என்று அர்த்தம். புத்தகத்துக்குள் விரல் விட்டிருப்பவர் படிக்கிறவர். மூடிய புத்தகத்தின்மேல் கை வைத்திருப்பவர் அதை வாங்கியதோடு சரி. ஒரு டாக்டர் வந்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டு வரையச் சொன்னார். நான் அதை நாற்காலியின் முதுகில் மாட்டி வரைந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது, அங்கேதான் அது இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆறே மாதத்தில் அவர் கை நடுக்கம் வந்து வைத்தியத்தை விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் அந்தப் பேச்சு கிளம்பியது. "அந்த அக்கா ஒண்ணை வெச்சா வெச்சதுதான்." அவருடைய கையெழுத்து படத்துக்கு. இந்தப் பேச்சு எனக்கு. எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

உழைக்காமல் வந்த பேர் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் கிளியைக் கூண்டோடு கொண்டுவந்து விட்டுப் போனார். அது ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்காது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அதை அசையாமல் ஆக்கினேன். இரண்டு விரல் போதும், அதிக பலம் தேவைப்படவில்லை. நூலால் கம்பியோடு கட்டி உட்கார வைத்து இறகு இறகாக வரைந்தேன். தானாகச் செத்துவிட்டது என்று அவரிடம் சொன்னோம், என் வீட்டுக்காரருக்கும் அவ்வளவுதான் தெரியும். அந்தத் தபால்காரர் படத்தைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உசிரோட உக்காந்திருக்கற மாதிரியே இருக்கே அக்கா" என்றார். இதை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. உயிரோடு இருக்கிறவர்கள் படியேறி வருவார்கள். இறந்தவர்கள் உறைக்குள் வருவார்கள், புகைப்படமாக. உறையில் வந்தவர் பக்கத்தில் நான் அணைந்த மெழுகுவர்த்தி வைப்பேன், திரியிலிருந்து நூல் போல் புகை. உயிரோடு இருப்பவருக்கு மெழுகுவர்த்தி வைத்தால் எரிகிற மெழுகுவர்த்தி. முப்பது வருடத்தில் இது ஒரு தடவைகூட மாறியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் மரக்கடைக்காரர் வந்தார். பெரிய ஆகிருதி, சட்டையெல்லாம் மரத்தூள். அவர் கையில் ஒரு உறை இருந்தது. தானும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். உறையில் மனைவியின் புகைப்படம். சட்டைப் பையிலிருந்து மடித்த மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது அவ போட்டிருந்தது. இதையும் படத்துல வெச்சுடுங்க." கண் இரண்டும் செக்கச்செவேல் என்று சிவந்து, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? உள்ளே போய் அலமாரியிலிருந்து பித்தளைத் தாங்கியை எடுத்துவைத்தேன். அதற்குள் அவர் என் வீட்டுக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், என் வீட்டுக்காரர் சீட்டில் குறித்துக்கொண்டார். அந்தச் சீட்டுகளை நான் படிப்பதில்லை. பொருளைப் பார்த்த பிறகு சீட்டு எதற்கு?

எங்கள் வேலையில் பொருள்தான் முதலில். மேசை, துணி, கை, எல்லாம் நான் முடித்துக் காய்ந்த பிறகுதான் அவர் முகத்துக்கு வருவார். அந்த ஆறு வாரமும் அவர் வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் வரைந்துகொண்டிருந்தார். புகைக்கு மட்டும் எனக்கு ஒன்பது நாள் ஆனது. அப்படி ஒரு புகையை நான் அதற்கு முன் வரைந்ததில்லை, சார். மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல் இருந்தது.

பிறகு ஒரு நாள் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வருகிற சத்தம் கேட்டது. நடு நடுவே சிரிப்பு. கதவைத் திறந்தால் உறையில் இருந்த முகம்.

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாராம், இரண்டு மாதம். கிளம்புவதற்கு முன்னால் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டாராம், அதனால்தான் பழையது வீட்டில் கிடந்ததாம். மரக்கடைக்காரர் கண் சிவந்திருந்தது மரத்தூளால். வருடம் முழுக்க அவருக்கு அப்படித்தானாம். இதையெல்லாம் அந்த அம்மா உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி சொன்னார். என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம், ஒவ்வொரு பொருளுக்கும் என்ன அர்த்தம் என்று வந்தவர்களுக்கு விளக்குவது. முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்தார், படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஆரம்பித்துவிட்டார். மடித்த கண்ணாடியைச் சொன்னார், மரக்கடைக்காரர் கையில் நான் வைத்த அளவுகோலைச் சொன்னார். மெழுகுவர்த்திக்கு வந்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? இது ஏன் அணைஞ்சு கெடக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா.

அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டார். அந்த அம்மா ஒரு நிமிஷம் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடக் கடவுளே, என்னை அனுப்பியே வெச்சுட்டீங்களே அக்கா! போங்க, எனக்கு ஆயுசு கூடிப்போச்சு." என் வீட்டுக்காரரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இது முதல் தடவை.

ஆமாம், எண்ணினேன். எண்ணுவது கோபம் ஆகாது. மொத்தம் ஏழு.

இரண்டாம் தடவை அடுத்த வாரம். புகைப்படத்தில் சரியாகத் தெரியாத கையை நேரில் பார்த்துத் திருத்த உட்கார வைத்தேன், உட்கார்ந்ததும், "நாடி பிடிச்சுப் பாத்துட்டு வரைங்க அக்கா, அப்புறம் சந்தேகம் வந்துடப் போவுது" என்று சொல்லிச் சிரித்தார். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பாத்திரக் கடையில், என் காதுபட. அந்த அம்மா கெட்டவர் இல்லை. நல்ல கலகலப்பான மனுஷி. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லுவார், அவ்வளவுதான். பத்தே நாளில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர் என்னைத் தெருவில் பார்த்து, "என்ன மெழுகுவத்தி அக்கா, சௌக்கியமா?" என்றார். "வெச்சா வெச்சதுதான்" என்று முதன்முதலில் சொன்னதே அந்த ஆள்தான். காய்கறி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டுச் சமைத்தேன்.

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடும்போது சொன்னார்: "இந்தா பாரும்மா, இது ஒரு விஷயமா? திரி மேல ஒரு சுடர வெச்சுட்டா முடிஞ்சுது. நீ வெக்கிறியா, நான் வெக்கட்டுமா?"

அவருக்குச் சுடர் வரைய வராது. பூண்டுப் பல் மாதிரி மஞ்சளாக ஒன்றை நட்டு வைப்பார். சுடருக்கு அடியில் நீலம் இருக்க வேண்டும், சார். திரியைச் சுற்றி ஒரு மெல்லிய நீலம், அதற்கு மேலே கொஞ்சம் இருட்டு, அதற்கும் மேலேதான் மஞ்சள். அந்த நீலம் இல்லாவிட்டால் அது எரியாது. முப்பது வருடமாகச் சொல்கிறேன், அவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. இன்னொன்றும் சொன்னேன். எண்ணெய் வண்ணம் வயதாக ஆகக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மேலே எதைப் பூசினாலும் அடியில் இருப்பது ஒரு நாள் தெரிய வரும். நாற்பது வருடம் கழித்து அந்தச் சுடருக்குள் என் புகை தெரியும். அப்போது பார்க்கிறவர்கள் சொல்வார்கள், இங்கே ஒருத்தி தப்பு பண்ணியிருக்கிறாள் என்று.

"நாப்பது வருஷம் கழிச்சு நாம எங்க இருக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார்.

சம்பவத்தன்று நடந்ததை நேற்றே சொன்னேன். மறுபடி கேட்பதால் சொல்கிறேன். காலையில் என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் திரியின்மேல் சுடர் வரைந்துவிட்டு, சட்டம் வாங்கக் கடைக்குப் போய்விட்டார். நான் அதைப் பார்த்துக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். படம் பழையபடி ஆனது. பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தார், அன்றைக்கு முகம் வரைய வேண்டிய நாள். அவர் வந்து உட்கார்ந்ததும் எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. என் புகை தப்பில்லை. முப்பது வருடம் தப்பாத கை இப்போது மட்டும் ஏன் தப்ப வேண்டும்? டாக்டருக்கும் ஆறு மாதம் ஆனதே. படம் கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். நான் செய்ய வேண்டியிருந்தது, படத்தையும் அந்த அம்மாவையும் ஒத்துப்போக வைப்பது. படத்தில் இனி கை வைக்க முடியாது என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதானே.

தாங்கியில் நிஜ மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. "ஊதி அணைச்சுடுங்க" என்றேன். பிறந்தநாள் குழந்தை மாதிரிக் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். புகை எழுந்தது, நான் வரைந்த அதே புகை. மெழுகுவர்த்தியைக் கழற்றி வைத்துவிட்டுத் தாங்கியை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் போனேன். பின்னாலிருந்துதான் அடித்தேன், முகத்தில் படாமல். முகம் அவர் வேலை, அதில் நான் என்றைக்கும் கை வைத்ததில்லை. முதல் அடியில் "அக்கா" என்றார், திட்டுவது போல் இல்லை, எதையோ கேட்கப்போவது போல். இரண்டாவதில் நாற்காலியோடு சாய்ந்தார். தரையில் கிடந்து என் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டார், நல்ல பிடி. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. மண்டை ஓடு நாம் நினைப்பதைவிட கெட்டியானது, உள்ளே போவது கைக்குத் தெரியும். ஐந்து அடி என்று நான் சொன்னேன், உங்கள் டாக்டர் ஆறு என்கிறார். படித்தவர், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். கூந்தலிலிருந்து ரத்தம் பலகை இடுக்கு வழியாக ஜன்னல் பக்கம் ஓடியது. எங்கள் தரை அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டார். "என்னடி பண்ணிட்டே, என்னடி பண்ணிட்டே" என்று அதையே சொல்லிக்கொண்டு அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார். முகம் பாக்கி இருக்கிறது, வெளிச்சம் போவதற்குள் முடித்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "எல்லாம் இந்தப் பாழாப்போன மெழுகுவத்தியால. இதை மொதல்ல அழிக்கிறேன்" என்று சொல்லி, மேசைமேல் இருந்த டர்பன்டைன் துணியை எடுக்கக் கையை நீட்டினார். அந்தக் கை மேசைமேல் இருந்தபோதுதான் அடித்தேன். நான்கு விரல். ஒரே அடி இல்லை. தாங்கியின் கழுத்து நசுங்கியது அப்போதுதான். ஒன்பது நாள் வேலையை ஒரு துணியால் துடைக்க வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

இப்போது எதற்காக மறுபடி மறுபடி அந்தச் சுரண்டலைப் பற்றியே கேட்கிறீர்கள்?

அவர் ஆஸ்பத்திரியில் சொன்னதை என்னிடம் படித்துக் காட்டினீர்கள். படத்தைத் தொடவே இல்லை என்கிறார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று நானே உங்களிடம் சொல்லியிருக்கிறேன். சுரண்டிய வண்ணத் துகள்கள் தரையில் ரத்தத்துக்கு மேலே கிடந்தன என்கிறீர்கள். நான் முதலில் சுரண்டியிருந்தால் ரத்தத்துக்கு அடியில் கிடந்திருக்க வேண்டும், அதுவும் சரி. பரிசோதனை செய்த பெண் என்ன எழுதியிருக்கிறார், காட்டுங்கள்.

நீலம் இருந்ததா?

என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன், இல்லையா, சார். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அது என் சுடர். அன்று காலை ஏழு மணிக்கு எழுந்து நானே வரைந்தேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. நன்றாக வந்திருந்தது, அடியில் நீலத்தோடு. பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். அந்த அம்மா உயிரோடு இருக்கிறார், படத்திலும் உயிரோடு இருக்கிறார், எல்லாம் ஒத்துப்போய்விட்டது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்ததும் காட்டலாம் என்று இருந்தேன். எனக்கு மனசு லேசாகக்கூட இருந்தது.

பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. "உங்களுக்குத்தான் அக்கா" என்று நீட்டினார். திறந்தால் உள்ளே மெழுகுவர்த்தி, ஒரு டஜன். "அணைய அணைய ஏத்திக்கிட்டே இருங்க, நான் நூறு வருஷம் இருக்கணும்ல." அது ஆறாவது சிரிப்பு. அப்புறம் படத்தைப் பார்த்தார். சுடரைப் பார்த்தார். கிட்டே வந்து என் தோளில் கை வைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷத்துல ஒரே ஒரு தப்புதானே அக்கா. நான் மனசுல எதையும் வெச்சுக்கலை. எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. ஏழாவது.

நான் அவரை உட்காரச் சொன்னேன். அவர் கொண்டுவந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தாங்கியில் வைத்து ஏற்றினேன். ஊதச் சொன்னேன். மிச்சமெல்லாம் சொன்னபடிதான். அந்த அம்மா அடங்கிய பிறகு, என் வீட்டுக்காரர் வருவதற்கு முன்னால், கத்தியை எடுத்து என் சுடரை நானே சுரண்டினேன், அடியில் புகை அப்படியே இருந்தது, ஒரு இழைகூடக் கலையவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள், சார். எனக்குக் கோபமே வராது. வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், கட்டுப் பிரித்ததும் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.